உம்மு ஷெஹாத்தாவின் முழு மதிப்பெண்

நஷ்வாவுக்குப் பட்டம் வேண்டுமானால் நாலு பேருக்கு எழுத்தறிவிக்க வேண்டும். கல்வியியல் கல்லூரியின் விதி அது. எந்தப் பேராசிரியருக்கு எத்தனை தலையாட்டினாலும், படிக்காத நாலு பெரியவர்கள் அரசாங்கத் தேர்வில் தேறினால்தான் சான்றிதழ் கைக்கு வரும். விவரமான மாணவர்கள் ஏற்கெனவே படிக்கத் தெரிந்த அத்தை, சித்தி என்று நாலு பேரைப் பிடித்து, தேர்வன்று தடுமாறித் தடுமாறிப் படிக்கப் பழக்கிவிடுவார்கள். நன்றாகத் தடுமாறத் தெரிந்த அத்தைகளுக்கு நைல் கால்வாய்க்கரையிலிருந்த அந்த ஊரில் ஏகக் கிராக்கி. நஷ்வாவுக்கு அவ்வளவு விவரம் போதாது. அவள் நிஜமாகவே கற்றுக்கொடுத்தாள்.

அவளுடைய நாலு பேரில் உம்மு ஷெஹாத்தாதான் வகுப்புக்கு உயிர். பெண்கள் பள்ளியில் கூட்டிப் பெருக்குகிறவள். எழுத்தறிவுச் சான்றிதழ் காட்டினால் வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அகலமான உடம்பு, அதைவிட அகலமான குரல். சக்கரை வியாதிக்காரி. மாத்திரைப் பட்டையை எப்போதும் அங்கிக் கழுத்துக்குள் செருகி வைத்திருப்பாள். மகன் ஷெஹாத்தா குவைத்தில் லாரி ஓட்டினான்.

"அப்லா, நேத்து ஒரு கூத்து," என்பாள். வாத்தியாரம்மா எத்தனை சின்னப் பெண்ணானாலும் அங்கே அப்லாதான். "பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல இருக்கிற போர்டை நானே படிச்சேன். பல் டாக்டராம்! இத்தனை வருஷமா நான் அதை முடிவெட்டற கடைன்னு நெனச்சிட்டிருந்தேன். எம்புருஷனை ஒருதரம் அங்கதான் அனுப்பி வச்சேன்."

"அதான் அவர் வாயே தொறக்காமப் போய்ச் சேர்ந்தாரு," என்பாள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஸனிய்யா.

தேர்வுக்குக் கொஞ்சம் முன்னால் உஸ்தாஸ் அப்துல் மவ்கூத் வந்து இறங்கினார். மாவட்ட முதியோர் கல்வி அலுவலகத்தின் மதிப்பீட்டு நிபுணர்; படித்த ஆண் யாரானாலும் அங்கே மரியாதைக்கு உஸ்தாஸ்தான். தலைநகரில் நடந்த ஏதோ பயிற்சி முகாமுக்குப் போய்வந்த நாளிலிருந்து அவர் 'வாசிப்பு' என்று தனியாகச் சொல்வதை விட்டுவிட்டார். 'விமர்சன வாசிப்பு' என்பார். 'விமர்சன' என்னும்போது வலது கை மேலே போகும், 'வாசிப்பு' என்னும்போது தேநீர்க் கோப்பைக்கு இறங்கி வரும்.

"எழுத்துக்கூட்டிப் படிக்கிறது கிளிகூடப் பண்ணும்மா," என்றார் நஷ்வாவிடம். "ஒரு துண்டறிக்கை ஒருத்தனை எப்படி மயக்கப் பாக்குதுன்னு கண்டுபிடிக்கணும். அதுதான் மதிப்பீடு. நீயே ஒண்ணு எழுது. கற்கிறவங்க வாழ்க்கையிலேர்ந்து எடு. ஏமாத்து அறிக்கையா இருக்கணும், ஆனா ஏமாத்துன்னு பாத்ததும் தெரியக் கூடாது."

நஷ்வா யோசித்தாள். கற்கிறவர்கள் வாழ்க்கை என்றதும் அவளுக்கு நினைவு வந்தது உம்மு ஷெஹாத்தாவின் அங்கிக் கழுத்துக்குள்ளிருந்த மாத்திரைப் பட்டை. உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினாள்:

'சக்கரை வியாதியா? இனி மாத்திரை எதற்கு? வந்துவிட்டது ஜீவ ஒளிச் சொட்டு! கருஞ்சீரகம், வெந்தயம், ஆலிவ் இலை கலந்த அற்புதம். பெரிய பெரிய மருத்துவர்களே வாயடைத்துப் போனார்கள்! தந்தா நகரிலிருந்து ஒரு தாய் சொல்கிறார்: மாத்திரைகளைக் கால்வாயில் எறிந்தேன், இப்போது பேரனைத் துரத்திக்கொண்டு ஓடுகிறேன். இன்றே தொடங்குங்கள். நாளை என்பது தாமதம்!'

எழுதி முடித்தபோது அவளுக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. உஸ்தாஸ் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கே ஒரு புட்டி வாங்கலாம்போல இருக்கு," என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு அவரிடம் இல்லை. மாவட்டம் முழுக்க இதுவே தேர்வுத் தாள் என்று அங்கேயே முடிவாயிற்று. பளபளப்புத் தாளில், வண்ணத்தில், புட்டியும் பச்சை இலையும் போட்டு அச்சடித்தார்கள்.

அச்சடித்தால் மட்டும் போதுமா? தேர்வுத் தாள் எதுவானாலும் அரசாங்கத்தின் கழுகு முத்திரை விழ வேண்டும். அந்த நாட்டில் கழுகு விழாத பிறப்பு பிறப்பில்லை, கழுகு விழாத சாவு சாவில்லை. ஒரு முத்திரைக்காக மூன்று அலுவலகம் ஏறி இறங்கி, கடைசியில் அது விழும் 'டப்' சத்தத்தைக் கேட்டு அழுதவர்கள் அந்த ஊரில் வீட்டுக்கு ஒருவர் உண்டு. அலுவலகத்து அம்மாள் கட்டுக் கட்டாக எடுத்துக் குத்தித் தள்ளினாள். ஜீவ ஒளிச் சொட்டுப் புட்டியின் வயிற்றில், நீல மையில், அரசாங்கக் கழுகு சிறகு விரித்து உட்கார்ந்தது.

கேள்விகள் ஐந்து. அவை உஸ்தாஸின் சொந்தக் கண்டுபிடிப்பு. எழுதியவர் நம்மை என்ன செய்யச் சொல்கிறார்? அவசரப்படுத்தும் சொல் எது? பயமுறுத்தும் சொல் எது? யாரைச் சாட்சிக்கு இழுக்கிறார்? இதை நம்பலாமா? கடைசிக் கேள்விக்கு விடையை அவரே முன்கூட்டி அனுப்பிவிட்டார்: நம்பத் தகுந்ததல்ல. நஷ்வா வேறு அறிக்கைகளை வைத்து அந்த ஐந்தையும் தொழுகை வசனம்போல மனப்பாடம் பண்ணவைத்தாள். சோப்பு, நிலம், அலைபேசி, எது வந்தாலும் கடைசியில் நாலு குரலும் சேர்ந்து, "நம்பத் தகுந்ததல்ல!" என்று கூரை அதிரச் சொல்லின.

தேர்வில் உம்மு ஷெஹாத்தாவுக்கு முழு மதிப்பெண். உஸ்தாஸ் அவள் தாளை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். "விமர்சன வாசிப்பு!" என்று கையை உயர்த்தினார். துண்டறிக்கையை நினைவுப் பரிசாக வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்று பெருந்தன்மையோடு அறிவித்தார். அவள் அதை மடிக்காமல், நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். வாழ்க்கையில் அவள் தானே முழுசாகப் படித்து முடித்த முதல் காகிதம் அதுதான்.

நஷ்வாவுக்குப் பட்டம் வந்தது. கோடையும் வந்தது. ஒருநாள் மதியம் ஸனிய்யா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அப்லா, ஆஸ்பத்திரிக்கு வா. உம்மு ஷெஹாத்தா கால் கறுத்துப் போச்சு. வெட்டணும்கிறாங்க. யார் சொன்னாலும் கேக்க மாட்டேங்குறா. நீ சொன்னாக் கேப்பா."

பெண்கள் வார்டில் கடைசிக் கட்டில். போர்வைக்கு வெளியே கட்டுப் போட்ட இடது கால். கட்டுக்குள்ளிருந்து வந்த வாடை வாசல்வரை எட்டியது. உம்மு ஷெஹாத்தா பாதியாக இளைத்திருந்தாள். குரல் மட்டும் இளைக்கவில்லை.

"வந்துட்டியா, கண்ணு! ஒண்ணுமில்ல, செருப்பு கடிச்சது. இதுக்குப்போய் ஊரைக் கூட்டுறாங்க."

"மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கேட்டாள் நஷ்வா.

"அதை எப்பவோ விட்டாச்சே! பரீட்சை முடிஞ்ச கையோட நாட்டு மருந்துக்கடையில குடுத்து அரைச்சு வாங்கினேன். கருஞ்சீரகம், வெந்தயம், ஆலிவ் இலை. காகிதத்துல இருந்தபடிதான்."

"நம்பத் தகுந்ததல்லன்னு நீங்களே எழுதினீங்களே!"

"அது பரீட்சைக்கு, அப்லா." ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னாள். "கேட்டாங்க, எழுதினேன். அதுக்காக நெசத்துல நம்பாம இருக்க முடியுமா?"

"அது பொய். அந்த மருந்தே கிடையாது. அதை நான் எழுதினேன், உம்மு ஷெஹாத்தா. என் வீட்டு மேஜையில உக்காந்து நான்தான் எழுதினேன். தந்தாவுல அப்படி ஒரு தாயே இல்லை."

உம்மு ஷெஹாத்தா சிரித்தாள். "எழுதினது நீயா இருக்கலாம். கழுகு குத்தினது நீயா? எம்புருஷன் செத்துட்டான்னு முத்திரை வாங்க ஒரு வருஷம் அலைஞ்சேன். அவன் செத்தது நெசம், அதுக்கே அவ்ளோ யோசிச்சாங்க. பொய்க்கு அவங்க லேசுல குத்துவாங்களா?"

 

அப்போது டாக்டர் ஹிலால் வந்தார். இளைஞர்; தூக்கமில்லாத கண்கள். கையில் ஒப்புதல் படிவம். "இன்னிக்கே பண்ணியாகணும், ஹாஜ்ஜா. கணுக்காலுக்கு மேல. தாமதிச்சா ரத்தத்துல கலந்துடும். கைநாட்டு வைக்கிறீங்களா?"

"கைநாட்டா?" உம்மு ஷெஹாத்தா தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எனக்குப் படிக்கத் தெரியும். குடுங்க இப்படி."

வார்டு முழுக்கக் கேட்கும்படி, விரலை வரிக்குக் கீழே ஓட்டிக்கொண்டு படித்தாள். எங்கும் தட்டவில்லை. முடித்துவிட்டு டாக்டரைப் பார்த்தாள்.

"எழுதினவர் நம்மளை என்ன செய்யச் சொல்றார்? காலை வெட்டிக்கச் சொல்றார். அவசரப்படுத்தற சொல்லு: 'உடனடியாக'. பயமுறுத்தற சொல்லு: 'உயிருக்கு ஆபத்து'. சாட்சிக்கு யாரு? 'நிபுணர் குழு'. எல்லாம் இருக்கே!"

டாக்டர் நஷ்வாவைப் பார்த்தார். "என்ன சொல்றாங்க இவங்க?"

நஷ்வா கட்டிலோரம் மண்டியிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இது பரீட்சை இல்லம்மா. டாக்டர் நெசத்தைச் சொல்றார்."

"அது சாட்சி."

"நாளைக்குன்னா முழங்கால்வரைக்கும் போயிடும்."

"அது பயமுறுத்தல். அவசரமும் கூட."

"ஷெஹாத்தாவை நெனச்சுப் பாருங்க. அவன் ஊருக்கு வர்றப்ப நீங்க இருக்க வேண்டாமா?"

"அது மனசை உருக்கறது." உம்மு ஷெஹாத்தாவின் கண்ணும் கலங்கிவிட்டது, ஆனால் விடை மாறவில்லை. "சோப்பு அறிக்கையில அந்தக் குழந்தை படம் போட்டிருந்துச்சே, அந்த மாதிரி. நீதானே சொல்லிக்குடுத்தே?"

நஷ்வா அழுதாள். உம்மு ஷெஹாத்தா அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். பிறகு டாக்டரின் சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தானே எடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய கோட்டின்மேல், உருண்டை உருண்டையாக, நிதானமாக எழுதினாள்: நம்பத் தகுந்ததல்ல. கீழே தன் பெயரை முழுசாகப் போட்டாள்.

டாக்டர் ஹிலால் படிவத்தை வாங்கிக்கொண்டு வெளியே நடந்தார். வெளி வராந்தாவுக்கு வந்ததும் நஷ்வா அவரைப் பிடித்துக்கொண்டாள். "அவங்க தம்பி ஊர்லதான் இருக்கார், டாக்டர். இப்பவே கூட்டிட்டு வரேன். அவர் போடுவார் கையெழுத்து."

"படிக்கத் தெரியாதவங்கன்னா அதுதான் இங்க வழக்கம்," என்றார் அவர். "சொந்தக்காரங்களைக் கூப்பிட்டு எடுத்துச் சொல்லி, அவங்ககிட்ட வாங்கிப்போம். தெனமும் அப்படித்தான் நடக்குது. இவங்க தானே படிச்சு, தன் கைப்பட மறுத்து எழுதியிருக்காங்க. இதுக்கு மேல எந்தத் தம்பி கையெழுத்தும் செல்லாதும்மா."

தாளைக் கோப்பில் வைத்துக்கொண்டு அவர் அடுத்த வார்டுக்குப் போனார். உள்ளே உம்மு ஷெஹாத்தா, பக்கத்துக் கட்டில்காரிக்குச் சுவரில் ஒட்டியிருந்த பார்வையாளர் நேரத்தைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.