முன்கூடத்துப் பாரம்

மருத்துவமனை முன்கூடத்தில் உட்கார்ந்திருந்த சலவைக்காரியின் எடை, பதினேழாம் நாள் காலையில் நானூற்றுப் பத்து கிலோ. முந்தைய நாள் முந்நூற்று எண்பது. இடையில் அவள் சாப்பிட்டது இரண்டு துண்டு ரொட்டியும் அரை டம்ளர் தேநீரும்தான். எடையில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஏழாம் நாள் எட்டுப் போலீஸ்காரர்கள் சேர்ந்து தூக்கியும் வாசல்வரை கொண்டுபோக முடியாமல், அழுக்குத் துணி மூட்டை நிறுக்கும் மேடைமேல் அவளை இறக்கிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அவள் அந்த மேடைமேல்தான் இருந்தாள். முள்ளைப் பார்த்து எண்ணைச் சொல்வதற்கென்றே ஒரு குமாஸ்தாவும் காலையில் வந்துபோனார்.

அந்த ஊரில் பாலத்துக்கு அந்தப் பக்கம் வசிப்பவர்கள் மருத்துவமனைக் கட்டில் விரிப்புகளைத் துவைக்கலாம், இஸ்திரி போடலாம், சுருக்கமில்லாமல் விரித்தும் வைக்கலாம். அதன்மேல் படுக்கக் கூடாது. அவர்களுக்குப் பின்பக்கத் தாழ்வாரம், ஆளுக்கொரு பாய். சலவைக்காரியின் மூத்த மகள் ஒரு குளிர்காலத்தில் அந்தப் பாயில்தான் பிள்ளை பெற்றாள். விடிவதற்குள் குழந்தை விறைத்துப்போனது. அதே காலையில் சலவைக்காரி முப்பத்தாறு விரிப்புகளை மடித்து வார்டுக்குள் அனுப்பினாள். ஒன்றிலும் இஸ்திரிச் சூடு ஆறியிருக்கவில்லை. அந்தச் சூடு பல நாள் அவள் உள்ளங்கையை விட்டுப் போகவில்லை. இப்போது இளையவளுக்கு ஏழு மாதம். இவளாவது கட்டிலில் பெறட்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு கொள்கை எதுவும் கிடையாது.

சலவைக்கூடத்துப் பெண்கள் பதினோரு பேர் முன்கூடத்தில் உட்காருவதென்று முடிவானது. காலைச் சலவை முடிந்துதான் உட்கார வேண்டும், நோயாளிகள் என்ன பாவம் செய்தார்கள் என்றாள் சலவைக்காரி. ஸ்ட்ரெச்சர் போகச் சுண்ணாம்புக் கட்டியால் வழி கீறி விட்டார்கள். பயிற்சிக்கு அவர்கள் யாரையும் தேடிப் போகவில்லை. ஈரக் கம்பளியை முறுக்கிக் கட்டினால் ஒருத்தியே தூக்கிவிடலாம், தளர விட்டால் மூன்று பேர் கையிலும் நிற்காது என்பது அவர்கள் தினமும் பார்ப்பது. அதேபோல உடம்பைத் தளர விட்டு, ஒருவரையொருவர் இழுத்துப் பார்த்துப் பழகினார்கள். பட்டாசு என்று பெயரெடுத்த ஒருத்திக்கு மட்டும் தனிப் பயிற்சி. மற்றவர்கள் வரிசையாக வந்து அவளைக் கிள்ளினார்கள். இருபது முறை அவள் கை ஓங்கியது. இருபத்தோராம் முறைதான் மடியிலேயே கிடந்தது.

போலீஸ் வந்தது, தடி வந்தது. யாரும் திருப்பி அடிக்கவில்லை. பத்துப் பேரை வேனில் ஏற்றிப்போய் ஊருக்கு வெளியே இறக்கிவிடுவார்கள், அவர்கள் நடந்தே திரும்பி வந்து உட்காருவார்கள். சலவைக்காரி மட்டும் நாளுக்கு நாள் கனத்தாள். இதற்குப் பெரிய டாக்டர் பல காரணம் சொன்னார், எல்லாம் லத்தீனில். பாலத்துக்கு அந்தப் பக்கத்தவர்கள் சொன்னது எளிமையாக இருந்தது: திருப்பிக் கொடுக்காத அடி எங்கேயாவது போய்ச் சேரத்தானே வேண்டும், அவளிடம் போய்ச் சேருகிறது. பட்டாசின் முதுகில் பதினான்கு அடி விழுந்த அன்று முள் ஒரேயடியாக நாற்பது கிலோ நகர்ந்ததைக் குமாஸ்தாவே பார்த்தார். அவளைத் தூக்கக் கொண்டுவந்த கிரேனின் சங்கிலி அறுந்தது. ஒரு ஏட்டுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது, அவர் அதே மருத்துவமனையில் நல்ல கட்டிலாகப் பார்த்துப் படுத்தார். வேலையை விட மனமில்லாத சலவைக்காரி, விரிப்புகளைத் தன் முன்னால் கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்தபடியே மடித்தாள்.

முப்பத்தோராம் நாள் மதியம், மற்ற பத்துப் பேரும் வேனில் போயிருந்த சமயத்தில், இளையவளுக்கு மாதம் நிறையாமலே வலி எடுத்தது. தாழ்வாரத்தில் படுக்க வைத்தார்கள். அவள் கத்துவது முன்கூடம்வரை கேட்டது. பெரிய நர்ஸ் ஓடிவந்து குனிந்தாள்.

"இந்தாம்மா, குழந்தை குறுக்க கெடக்கு. நீ இந்த எடத்த விட்டு எந்திரிச்சா ஒம்பதாம் நம்பர் கட்டில உன் பொண்ணுக்கு மட்டும் தர்றதா பெரிய டாக்டர் சொல்றாரு. வெளியில யாருக்கும் தெரிய வேணாம்."

சலவைக்காரி மற்ற பத்துப் பேரை நினைத்தாள். பட்டாசின் முதுகை நினைத்தாள். பிறகு மகள் மறுபடியும் கத்தினாள், எல்லாம் மறந்துபோனது.

"எந்திரிக்கிறேன், கையக் குடு," என்றாள்.

எழ முடியவில்லை. கையை ஊன்றி உன்னினாள், நகம் பெயர்ந்தது. நர்ஸ் தோளுக்கடியில் கை கொடுத்துத் தன் மூச்சுப் பிடிக்கும்வரை இழுத்தாள். முப்பத்தொரு நாள் அடியும் அசையவில்லை. நர்ஸ் மேலே ஓடினாள்.

"எந்திரிச்சாளா?" என்றார் பெரிய டாக்டர்.

"முடியல சார். எந்திரிக்க ரொம்பப் பாத்தா."

"அப்ப எந்திரிக்கல."

மூன்றேகால் மணிக்கு இளையவள் தாழ்வாரத்தில் இறந்தாள். பெண் குழந்தை பிழைத்தது. அதை நர்ஸ் ஒரு விரிப்பில் சுற்றி மூத்தவளிடம் கொடுத்தாள், அடுத்த வாரமே அந்த நர்ஸை வேறு ஊருக்கு மாற்றினார்கள்.

கட்டில் தருவதாகச் சொல்லியும் அவள் எந்திரிக்கல என்று பெரிய டாக்டர் சொன்னது வெளியே பரவி, மகளுக்காகக்கூட எழாத தாய் என்று ஊர் பேசியது. பாலத்துக்கு இந்தப் பக்கத்தவர்களும் கண்ணீரோடு வந்து முன்கூடத்திலும் படியிலும் தெருவிலும் உட்கார்ந்தார்கள். இளையவள் இறந்த பன்னிரண்டாம் நாள் அரசாணை வந்தது: கட்டில் எல்லோருக்கும். வாசலில் கல் வைத்து, மகளுக்காகவும் எழாதவள் என்று செதுக்கினார்கள். நான் எழப் பார்த்தேன் என்று அவள் வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அவர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் அழுதார்கள். எழுதவந்த பத்திரிகைக்காரர் ஒருவர் அந்த வரியை அடித்துவிட்டார். ஒரு பொய் அத்தனை பேரைக் கட்டிலில் படுக்க வைத்தது. இதைச் சொல்ல எனக்கே வாய் கூசுகிறது, ஆனால் நடந்தது இதுதான்.

எடை குறையவில்லை. அவளுக்கு நேர்கீழே ஒரு தூண் எழுப்பினார்கள், அவளைச் சுற்றிப் புதுத் தரை போட்டார்கள். மூத்தவள் தினமும் காலையில் குழந்தையைக் கொண்டுவந்து அம்மா மடியில் விட்டுவிட்டு மாலையில் எடுத்துப்போனாள். நான்கு வருடத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் கல்லில் இருந்ததைத்தான் நம்பினாள்.

மூத்தவளுக்கே மறுபடி பிரசவ வலி எடுத்து, ஒரு கையில் துணிப்பையோடு வந்த அன்று, வார்டுக்குள் போகாமல் முன்கூடத்தில் நின்றாள்.

"அவளுக்காக எந்திரிச்சிருக்கக் கூடாதாம்மா?"

"எந்திரிச்சேன்டி. ஒடம்பு வரல."

மூத்தவள் பையைக் கீழே வைத்தாள். நிறைமாத வயிற்றோடு குனிந்து, அம்மாவின் அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். பல்லைக் கடித்து இன்னொரு முறை இழுத்தாள். அசையவில்லை. மூச்சு வாங்க அம்மாவை ஒட்டி உட்கார்ந்து, தங்கை பெயரைச் சொல்லி அழுதாள். அடுத்த வலி வந்தபோது அம்மாவின் தோளைப் பிடித்து எழுந்து, உள்ளே போய்க் கட்டிலில் படுத்தாள்.

தரை துடைப்பவர் வந்தார். சலவைக்காரி சேலையை ஒதுக்கிக்கொண்டாள். அவர் அவளைச் சுற்றித் துடைத்துவிட்டு அடுத்த கூடத்துக்குப் போனார்.