தரை உள்ள இடங்கள்

கடலடியில் தொண்ணூறு மீட்டரில் மூழ்கிக் கிடந்த பயணிகள் படகின் எஞ்சின் தினமும் காலையில், கடைகள் திறக்கும் நேரத்துக்குச் சரியாக ஓடத் தொடங்கும். மூக்குக்கண்ணாடிக் கடையில் அடுக்கி வைத்த ஃப்ரேம்கள் லேசாக நடுங்கும். ஊரில் பலர் அதை வைத்துத்தான் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள். படகு மூழ்கிய அன்று பயணிகள் அத்தனை பேரும் கரை சேர்ந்துவிட்டார்கள். மெக்கானிக் மட்டும் எஞ்சின் ரூமை விட்டு வரவில்லை. எடுத்த வேலையை முடிக்காமல் எழுந்திருக்கிற ஆள் இல்லை அவர். எஞ்சின் ஓடுகிறது என்றால் ஆள் இருக்கிறார் என்றுதானே அர்த்தம், நகராட்சியும் வாக்காளர் பட்டியலிலிருந்து அவரை நீக்கவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரி அவருடைய மனைவி. "என் பிள்ளை சின்ன வயசுலயும் இப்படித்தான். சாப்பிடக் கூப்பிட்டா இதோ வர்றேன்னு சொல்லுவான், சாயங்காலம்தான் வருவான்" என்று மாமியார் சொல்லிக்கொண்டிருந்தார். மருமகளுக்குப் பத்து வருஷம் அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. பிறகு ஒரு நாள் போதவில்லை. வருவாரா, மாட்டாரா? அதை அவர் வாயாலேயே கேட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போலிருந்தது அவளுக்கு.

ஆழ்கடல் டைவிங் சொல்லிக் கொடுக்கிற அம்மாளை ஊரில் படிக்கட்டு என்று கூப்பிடுவார்கள். எதைக் கேட்டாலும் படிப்படியாகத்தான் என்பார், அதனால் வந்த பெயர். அவருடைய அறைச் சுவர் முழுக்கக் கடல் வரைபடம். அதில் பாதிக்கு மேல் சிவப்புப் பென்சிலால் அடித்திருக்கும். அடித்ததெல்லாம் அவர் வேண்டாமென்று ஒதுக்கிய இடங்கள். "எதுக்குக்கா சுத்தி வளைக்கணும்? நேரா படகுக்கு மேலயே இறங்கிப் பழகிடலாமே" என்றாள் கடைக்காரி. "அங்க தப்புப் பண்ண இடம் இல்லம்மா. பழகுறவங்களுக்குத் தப்புப் பண்ண இடம் வேணும். எந்த ஆழத்துக்குப் போறோமோ அங்க காலுக்குக் கீழ தரை இருக்கணும். அதுக்கும் கீழ போகணும்னு நீ நினைச்சாலும் கடல் விடக் கூடாது. நீரோட்டம் இழுக்கக் கூடாது. ஏறி வந்தா சூடா ஏதாவது குடிக்கக் கரையில ஒரு கடை இருக்கணும்." கடைசியாகச் சொன்னதையும் அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. அப்படித்தான் அலைத்தடுப்புச் சுவருக்குப் பின்னால் இருபது மீட்டர் மணல் தரையில் ஆரம்பித்து, நாற்பதில் மூழ்கிக் கிடந்த, மணல் ஏற்றும் தட்டைப் படகான பார்ஜ் வரை அவள் வந்து சேர்ந்தாள். அதற்குள் இரண்டு வருஷம் போயிற்று, கடையில் வட்டக் கண்ணாடி மவுசு போய்ச் சதுரக் கண்ணாடி மவுசு வந்தது.

அறுபதுக்குத்தான் சிக்கல். அந்த ஆழத்தில் அம்மாளுக்குத் தெரிந்து தரை உள்ள இடம் ஒன்றே ஒன்று, ஒரு பாறைத் திட்டு. அம்மாள் நீரோட்டம் பார்த்தார், தெளிவு பார்த்தார், மேலே கப்பல் போகிற பாதையா என்று பார்த்தார். காலையில்தான் கடல் அமைதியாக இருக்கும் என்று காலையிலேயே அழைத்துப்போனார். இருவரும் திட்டில் கால் வைத்த நேரத்தில் கீழே எஞ்சின் ஓடத் தொடங்கியது. அவ்வளவுதான், கடைக்காரி கையிலிருந்த ஆழம் காட்டும் மீட்டரைப் பார்க்கவில்லை, திட்டின் விளிம்பைப் பார்க்கவில்லை, கூப்பிட்ட வீட்டுக்குப் போகிறவள் மாதிரி சத்தம் வந்த பக்கம் இறங்கத் தொடங்கிவிட்டாள். அம்மாள் பாய்ந்துபோய்க் கணுக்காலைப் பிடித்து இழுத்து வந்தார். மேலே வந்து தங்கள் படகில் ஏறிய பின் கடைக்காரி திட்டு வாங்கத் தயாராகத் தலை குனிந்து நின்றாள். "தப்பு என்னோடது. எல்லாத்தையும் பார்த்தேன், உன் காதைப் பார்க்காம விட்டுட்டேன்" என்றார் அம்மாள். அந்தத் திட்டைப் பென்சிலால் அடித்தார். திரும்பவும் இருபதிலிருந்து ஆரம்பித்தார்கள். அறுபதில், எஞ்சின் சத்தம் எட்டாத ஒரு பாறை மறைவைத் தேடிப் பிடிக்க மேலும் ஒரு வருஷம் ஆயிற்று.

கடைசியில் ஒரு பிற்பகல் அவள் தொண்ணூறுக்கு இறங்கினாள். அம்மாள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எஞ்சின் ரூம் வாசலில் நின்றார். எஞ்சின் ரூமில் கூரையோடு ஒட்டிக் காற்று தேங்கியிருந்தது. அதில் தலையை நீட்டியபோது மெக்கானிக் ஸ்பேனரோடு திரும்பிப் பார்த்தார். முடி மட்டும் கொஞ்சம் நரைத்திருந்தது. "வர்றீங்களா, மாட்டீங்களா?" என்று அவள் கண்டிப்பாகக் கேட்டாள். ஆழத்துக்காகச் சிலிண்டரில் ஹீலியம் கலந்த காற்று, அதனால் கேள்வி எலிக் குரலில் வந்தது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவளுக்கு வந்ததே ஒரு கோபம்! "மூணு வருஷமா இதுக்குத்தான் பழகினேன், சிரிக்காதீங்க." அவர் சிரிப்பை நிறுத்தினார். ஸ்பேனரைக் கீழே வைத்தார், அது அவருக்குச் சாதாரணக் காரியமில்லை. "வர்றேன். இப்பவே வர்றேன், வா போகலாம்" என்று அவள் கையைப் பிடித்தார்.

இந்த இடத்தில்தான் அவள் அழுதாள். சோடா பாட்டிலைச் சட்டென்று திறந்தால் என்ன ஆகுமோ, இத்தனை வருஷம் ஆழத்தில் இருந்துவிட்டுச் சட்டென்று மேலே வந்தால் அதுதான் அவர் உடம்புக்கும் ஆகும் என்று அம்மாள் சொல்லியே அனுப்பியிருந்தார். அழைத்துப்போக வந்தவளே பிடித்த கையை விரல் விரலாக விலக்க வேண்டியிருந்தது. "இப்ப வேண்டாங்க. உங்களுக்கு இடம் பார்த்துட்டு வர்றேன்" என்று அதே எலிக் குரலில் சொல்லிவிட்டு மேலே ஏறினாள்.

வருஷக்கணக்காக ஊறிய உடம்பு வருஷக்கணக்காகத்தான் வடியும், ஒவ்வோர் ஆழத்திலும் தங்கித் தங்கித்தான் ஏற முடியும் என்றார் அம்மாள். பென்சிலை எடுத்துக்கொண்டு இருவரும் மறுபடி வரைபடத்தின் முன் உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை புதிதாக ஒரு நிபந்தனையும் சேர்ந்தது: ரிப்பேர் பார்க்க ஏதாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மனுஷன் திரும்பிப் போய்விடுவார். பாறை மறைவுக்கு ஒரு பழைய பம்பை இறக்கினார்கள். பார்ஜில் பாரம் இழுக்கும் வின்ச் ஒன்று கெட்டுப்போய் ஏற்கெனவே இருந்தது. அவர் கடலடியில் நடந்து ஒவ்வோர் இடமாக மாறினார். இவள் வாரம் தவறாமல் போய்ப் பார்த்து வந்தாள். படகு எஞ்சின் நின்றுபோனதில் ஊரில் கடைகள் தாமதமாகத் திறந்தன, நேரம் அறிவிக்க நகராட்சி சங்கு வாங்கியது. படகுத்துறைக்கு அடியில், ஆறு மீட்டரில் கடைசி இடம். அங்கே மாமியார் தன்னுடைய தையல் மெஷினைக் கயிறு கட்டி இறக்கினார். தினமும் துறைப் பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு, இடுக்கு வழியாக மகனைத் திட்டிவிட்டு வந்தார்.

ஒரு மழைக்காலத் தொடக்கத்தில், அம்மாள் சரியென்று தலையசைத்த நாளில், மெக்கானிக் தையல் மெஷினைத் தோளில் வைத்துக்கொண்டு படகுத்துறைப் படியேறினார். மீன் விற்றுக்கொண்டிருந்தவர்கள் அவருக்கு வழி விட்டார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவர் எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படிக்கத் திணறிக்கொண்டிருந்தார். கடைக்காரி வாசலைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அவளுக்கும் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஈரக் காலோட உள்ள வராதீங்க, இப்பத்தான் துடைச்சேன்" என்றாள். அவர் வெளியிலேயே நின்று, கால் காய்ந்த பிறகு உள்ளே வந்தார்.