நாக்குக்குக் கீழே

பல் வைத்தியத்தில் எல்லாவற்றுக்கும் ஓர் எண் உண்டு. துப்புரவு செய்தால் ஒன்று, பிடுங்கினால் இன்னொன்று. வலிக்கிற ஒற்றைப் பல்லை மட்டும் பார்த்தால் அது அவசரப் பரிசோதனை, அதற்குத் தனி எண். முழுப் பரிசோதனை என்று அடித்தால் எல்லாப் பல்லும், பல்லைப் பிடித்திருக்கிற முரசும், அண்ணமும், கன்னத்தின் உட்புறமும், நாக்கின் அடியும் பார்த்தாயிற்று என்று அர்த்தம். அந்த எண்ணைக் காசு கட்டுகிற காப்புறுதிக் கொம்பனிக்கு அனுப்புகிற வேலை என்னுடையது. பிரெஞ்சு பேசும் சென்ட் லோரன்டில், டொக்டர் ரதீசனின் வைத்தியசாலை முன்மேசையில் நாலு வருடமாக இருக்கிறேன்.

எங்கள் இடத்தில் ஒரு வழக்கம். புதிதாக யார் வந்தாலும் முழுப் பரிசோதனைதான். ஆள் ஜக்கெட்டைக் கழற்றிக் கொழுவும்போதே நான் எண்ணை அடித்துவிடுவேன். கணினியில் பரிசோதனைப் பக்கத்தைத் திறந்தால் எல்லா வரியிலும் 'இயல்பு' என்று ஏற்கனவே விழுந்து கிடக்கும். ஏதும் பிழை இருந்தால் டொக்டர் மாற்ற வேண்டும். அவர் மாற்றி நான் கண்டதில்லை. பார்த்தாயிற்று என்று உறுதிசெய்கிற படிவம் பிரெஞ்சில் இருக்கும். "இதில ஒரு கையெழுத்து வையுங்கோ" என்று நான் தமிழில் சொன்னால் எங்கள் சனம் வாசிக்காமலே வைத்துவிடும். வேலை கெதியாக முடிகிறது என்று எனக்குப் பெருமை வேறு. அதை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

ஜெகதீஸ்வரி அக்கா முதன்முதல் ஓகஸ்டில் வந்தார். மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறவர். கன்னம் வீங்கியிருந்தது. டொக்டர் அந்தக் கடவாய்ப் பல்லைப் பார்த்து, படம் எடுத்து, மருந்து எழுதிக் கொடுத்தார். பதினொரு நிமிடம். நானோ அவர் கதிரையில் ஏறுவதற்கு முன்னரே முழுப் பரிசோதனை என்று அனுப்பிவிட்டேன்.

ஒக்டோபரில் திரும்பி வந்தார். நாக்குக்குக் கீழே ஒரு வெள்ளைப் புண், ஆறவில்லையாம்.

"ஓகஸ்டில சின்னதா இருந்தது பிள்ளை. இப்ப சாப்பிடேக்க எரியுது. ஃபார்மசிக்காரி பல் டொக்டரிட்டக் காட்டச் சொன்னவள். முழு வாயையும் ஒருக்காப் பாக்கச் சொல்லும்."

காப்புறுதிக்கு அனுப்பினேன். உடனே மறுப்பு வந்தது. முழுப் பரிசோதனை ஓகஸ்டில் முடிந்துவிட்டது, இனி மூன்று வருடம் கழித்துத்தான். அவருக்கு அதைத் தமிழில் சொன்னேன். சண்டை பிடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் யோசித்தார்.

"அண்டைக்கு முழுக்கப் பாத்தவரே? நோவில எனக்கு விளங்கேல்லைப் போல. நாக்குக்குக் கீழயும் பாத்ததெண்டு எழுதியிருக்கோ?"

திரையில் இருந்ததை வாசித்தேன். "இயல்பு எண்டு இருக்கு, அக்கா."

"அப்பாடா!" அவர் முகமே மாறிவிட்டது. "டொக்டர் தம்பி பாத்து நல்லமெண்டு எழுதியிருந்தா இது சும்மா சூட்டுப் புண்தான். ரெண்டு கிழமையா கான்சரோ எண்டு நித்திரையில்லை. நல்ல காலம், உம்மட்டக் கேட்டன்."

ஜக்கெட்டை எடுத்து ஒரு கையை உள்ளே விட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. அந்த வாயை ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்காத இடத்துக்கு நல்லது என்று எழுதி, அதை நானே வாசித்துக் காட்டி, ஒரு மனுசியை வீட்டுக்கு அனுப்பப் போகிறேன்!

"அக்கா, இருங்கோ. போகாதேங்கோ" என்றுவிட்டு உள்ளே போனேன். டொக்டர் போனைத் தட்டிக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். நாலு வருடமும் மரியாதையாக டொக்டர் என்றே அழைத்திருக்கிறேன். இப்போது வாயில் வேறு வந்தது.

"தம்பி, ஜெகதீஸ்வரி அக்கான்ர நாக்கைத் தூக்கிப் பாத்தனீரோ, ஓகஸ்டில?"

"என்னக்கா இது? அவ பல்லு நோவுக்கெல்லோ வந்தவ."

"பேந்து ஏன் இயல்பு எண்டு கிடக்கு?"

"மெல்லக் கதையுங்கோ. எல்லா இடமும் இப்பிடித்தான். காசு குடுக்கிறது இன்சூரன்ஸ், அவவுக்கு என்ன நட்டம்?"

"நட்டமோ? புண்ணோட வந்த மனுசி, நீர் பாத்து நல்லமெண்டு சொன்னதா நினைச்சு வீட்ட போகப் பாக்கிறா!"

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அந்த எண்ணை அடிச்சது நீங்கள், அக்கா. உங்கட பேர்தான் அதில கிடக்கு."

உண்மைதான். அதுதான் என்னை இன்னும் சுட்டது.

"ஓம், நான்தான். அப்ப நானே மாத்துறன்."

மேசைக்கு வந்து, ஜெகதீஸ்வரி அக்கா பார்த்திருக்க, காப்புறுதிக்குப் போன் எடுத்தேன். ஓகஸ்டில் நடந்தது அவசரப் பரிசோதனை மட்டும், முழுப் பரிசோதனை நடக்கவேயில்லை, பிழையாக அனுப்பியது நான் என்று பிரெஞ்சில் சொன்னேன். பெயரைக் கேட்டார்கள். வசந்தினி என்று எழுத்தெழுத்தாகச் சொன்னேன். போனை வைத்துவிட்டு அவரிடம் திரும்பினேன்.

"அக்கா, அண்டைக்கு ஒருத்தரும் உங்கட நாக்கைப் பாக்கேல்லை. நான் வாசிச்சது பொய்."

ஒரு கை ஜக்கெட்டுக்குள் இருந்தபடியே அவர் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டொக்டர் வாசலில் நின்றார். கையுறை போட்டிருந்தார். "வாங்கோ அம்மா" என்றார்.

இந்த முறை அரை மணித்தியாலம் எடுத்தது. வெளியே வந்த டொக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கடிதத்தைத் தானே அடித்தார். மேலே 'அவசரம்' என்று போட்டார். அதற்குப் பிறகுதான் நான் எண்ணை அடித்தேன்.

"பெரிசா ஒண்டும் இருக்காதெல்லே?" என்று ஜெகதீஸ்வரி அக்கா கேட்டார்.

இயல்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "தெரியாது அக்கா. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு உங்களோட நானும் வாறன்."

நாளைக்கு எனக்கு இங்கே வேலை இருக்குமோ தெரியாது. இன்றைக்கு ஐந்து மணிவரை இருந்தது. நாலு வருடமாக நான் அனுப்பிய முழுப் பரிசோதனைகளைத் திரையில் எடுத்தேன். பெயர்கள் இறங்கிக்கொண்டே போயின. ஒவ்வொன்றுக்கும் நேரே இயல்பு, இயல்பு, இயல்பு.

முதலாவது பெயரின் போன் இலக்கத்தை அழுத்தினேன்.

"வணக்கம், நல்லம்மா மாமி. டொக்டர் ரதீசன்ர இடத்திலயிருந்து வசந்தினி கதைக்கிறன். ஒண்டு கேக்கோணும். உங்கட நாக்கைத் தூக்கி ஆராவது எப்பவாவது பாத்தவையோ?"