கழுவிக் கொடுத்த டப்பா

மயோனைஸ் என்றால் என்ன என்று என் மகள் யோகேஸ்வரி போனில் விளக்கியபோது எனக்கு ஐம்பத்தெட்டு வயது. பச்சை முட்டையையும் எண்ணெயையும் அடித்து அடித்து வெண்ணெய் மாதிரி ஆக்குவார்களாம். கேட்கும்போதே குமட்டியது.

"அந்தக் கருமத்த எதுக்கு எங்கிட்டச் சொல்லுத?" என்றேன்.

"செத்த நேரம் சும்மா கேளுங்கப்பா. அதப் போடாமச் செய்யத்தான் சொல்லுதேன்."

விஷயம் இதுதான். என் மனைவி மாரீஸ்வரிக்குப் பித்தப்பையை எடுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. எண்ணெய் கூடாது, கொழுப்பு கூடாது. இட்லியும் ரசமுமாகத் தின்று அவளுக்கு நாக்குச் செத்துப்போய்விட்டதாம். எப்போதோ மதுரையில் மகள் வாங்கிக் கொடுத்த சிக்கன் சாலட் ஞாபகம் வந்து, அது மாதிரி ஒரு வாய் கிடைத்தால் நன்றாயிருக்கும் என்று சொல்லியிருக்கிறாள். மயோனைஸ் வேண்டாம், தயிர் போட்டுச் செய்தால் சாப்பிடலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். யோகேஸ்வரிக்குக் கோயம்புத்தூரில் வேலை, லீவெல்லாம் தீர்ந்துவிட்டது. மாரியின் பக்கத்து வீட்டு நாஜியாதான் இத்தனை நாள் பார்த்துக்கொண்டாள். அவளும் இந்த ஞாயிற்றுக்கிழமை ஏதோ கல்யாணத்துக்குப் போகிறாள்.

"அம்மா ஒங்களக் கேக்கல. நான்தான் கேக்கேன். முடிஞ்சாச் செய்யுங்க, முடியலன்னா விடுங்க" என்றாள்.

"ஏன் முடியாம? நான் என்ன கையில்லாதவனா?" என்று கத்திவிட்டு போனை வைத்தேன்.

நான் இருப்பது ராஜபாளையத்தில். அவள் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். பஸ் ஏறினால் அரை மணி நேரம். ஆறு வருஷத்தில் ஒரு நாள் கூட நான் அவள் வீட்டு வாசலை மிதித்ததில்லை. ஆபரேஷன் நடந்த அன்றைக்கு மதுரைக்குப் போய், ஆஸ்பத்திரிக்கு எதிரே மூன்று டீ குடித்துவிட்டு, உள்ளே போகாமலே திரும்பிவிட்டேன். இதை மகளிடம் கூடச் சொல்லவில்லை.

எனக்குக் கோபம் வரும். மூக்குக்கு மேல் வரும். தறி செட்டில் மேஸ்திரி வேலை, முப்பது வருஷம் அந்தத் தடதடச் சத்தத்தில் கத்திக் கத்தியே பழகிவிட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வேன். அது பொய். செட்டில் நான் எந்தச் சாமானையும் தூக்கி எறிந்ததில்லை. முதலாளி சீட்டைக் கிழித்துவிடுவார். வீட்டில்தான் எறிவேன். குழம்பில் உப்புக் குறைந்தால் தட்டு பறக்கும். கூடினாலும் பறக்கும். யோகேஸ்வரிக்கு வேலை கிடைத்த அன்றைக்கு மாரி வடை பாயசத்தோடு சமைத்தாள். சாம்பாரில் உப்பில்லை. எறிந்தேன். சோறு காலண்டரில் போய் ஒட்டிக்கொண்டது. அவள் சுவரைத் துடைத்தாள், தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள், மறுநாள் காலை பஸ்ஸில் போய்விட்டாள். மம்சாபுரத்தில் சொந்த அண்ணன் வீடு இருந்தும் அங்கே போகாமல், ஸ்ரீவில்லிபுத்தூரில் தனியாக வீடு பிடித்து, ஜாக்கெட் தைத்துச் சாப்பிட்டாள். ரெண்டு நாளில் வந்துவிடுவாள் என்று நான் மெஸ்ஸில் சாப்பிட ஆரம்பித்தேன். இன்றைக்கும் மெஸ்ஸில்தான் சாப்பிடுகிறேன்.

இந்த ஒரு சாலட்டை ஒழுங்காகச் செய்து கொண்டுபோய்க் கொடுத்து, வீட்டுக்கு வந்துவிடு என்று கேட்டுவிடுவது. அதுதான் என் திட்டம்.

மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குறிப்பில் முதல் வேலை தயிரைக் கட்டித் தொங்கவிடுவது. தண்ணீர் முழுக்க வடிந்தால் கெட்டியாகிவிடுமாம், அதுதான் மயோனைஸுக்குப் பதில். மெல்லிய துணி வேண்டும் என்று போட்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் செட்டில் ஓடுவதே பேண்டேஜ் துணி. ஆஸ்பத்திரியில் காயத்துக்குச் சுற்றுகிறார்களே, அது. ஊருக்கே துணி கொடுக்கிறவனிடம் போய்த் துணி வேண்டும் என்கிறாள்! சனிக்கிழமை காலை தறியிலிருந்து ஒரு முழம் வெட்டி வந்தேன். கடையில் தயிர் வாங்கி, அதில் கட்டி, குழாயில் தொங்கவிட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் அவிழ்த்தால் குப்பென்று நாற்றம். தறியில் ஓடும் நூலுக்குக் கஞ்சி போட்டிருக்கும், மிஷின் எண்ணெயும் பட்டிருக்கும். அதைக் காய்ச்சி வெளுத்த பிறகுதான் துணி ஆஸ்பத்திரிக்குப் போகும். வெளுக்காத துணி எது, வெளுத்த துணி எது என்று புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறதே நான்தான். முப்பது வருஷம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் கிண்ணத்தோடு தயிரைச் சுவரில் எறிந்தேன்.

எறிந்துவிட்டு வழக்கம்போல நின்றேன். வழக்கம்போல யாரும் வந்து துடைக்கவில்லை. தயிர் சுவரிலிருந்து மெதுவாக வழிந்து, அடுப்பு மேடைக்குப் பின்னால், சிலிண்டருக்கு அடியில் என்று போய்க்கொண்டே இருந்தது. நானே துணியை நனைத்துக் குனிந்தேன். துடைத்த இடத்தில் வெள்ளையாகத் திட்டு நின்றது, திரும்பத் துடைத்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. இடுப்பு விட்டுப்போனது. தயிருக்கே இவ்வளவு என்றால் சாம்பாருக்கு எவ்வளவு என்று நினைத்துக்கொண்டு, அந்தத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன்.

சத்தம் கேட்டு அடுத்த வீட்டு பேச்சிமுத்துவின் மனைவி ஜெயபாய் எட்டிப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அண்ணாச்சி சமைக்கியளா? இன்னைக்கு மழைதான் போங்க. எங்க வீட்டுத் தயிரு இருக்கு, தாரேன். வெளுத்த துணியா எடுத்துக் கட்டுங்க."

கிண்ணம் நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள். போன வாரம் அவள் மீன் குழம்பு கொடுத்துவிட்ட கிண்ணம் என்னிடம் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவள் உள்ளே பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"மாரியக்கா இருந்தவரைக்கும் எங்க கிண்ணம் ஒரு நாளும் வெறுங்கிண்ணமா வந்ததில்ல, தெரியும்லா? முருங்கக்கா இருக்கும், ஒண்ணுமில்லன்னா ஒரு பிடி சீனியாவது இருக்கும். அடுத்த வீட்டுச் சாமானை வெறுமனே குடுத்துருவாகளா? நீங்க ஆம்பள, ஒங்களுக்கு எங்க தெரியப்போவுது."

"ஆமா, இப்ப அதுதான் கொறச்சல்" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே போனாள்.

ஞாயிறு காலை ஹுமாயூன் கடையில் நெஞ்சுக்கறி மட்டும் எலும்பில்லாமல் கேட்டேன். ஹுமாயூன் கத்தியை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"என்ன மேஸ்திரி, ஜிம்முக்குப் போறியளா? புது மாப்பிள்ளக் கணக்கா!"

"ஏலே, வெட்டுறத வெட்டு" என்றேன். ஆனாலும் கோபம் வரவில்லை. புது மாப்பிள்ளை என்றது பிடித்திருந்தது.

இஞ்சியும் மிளகும் தட்டிப் போட்டு, எண்ணெய் ஒரு சொட்டு இல்லாமல் கறியை வேகவைத்தேன். ஆறவிட்டு நார் நாராகப் பிய்க்க வேண்டும். ஆறும் வரை பொறுக்கிறவனா நான்? விரல் பொத்துப்போனது. வெள்ளரியை விதை நீக்கி நறுக்கினேன். கேரட்டைத் துருவினேன். வெங்காயம் கண்ணைக் கரித்தது. தயிர் இந்தத் தடவை பஞ்சு மாதிரி கெட்டியாக வந்திருந்தது. அதில் மிளகுத்தூளும் கொஞ்சம் கடுகை அரைத்தும் போட்டு அடித்தேன். எலுமிச்சைக்குப் பதிலாக, அவளுக்கு மாங்காய் என்றால் உயிர் என்பதால், ஒரு கீற்று மாங்காயைப் பொடிசாக அரிந்து போட்டேன். கடைசியில் கொத்தமல்லி. எல்லாம் சேர்ந்து பார்க்க அப்படியே கடையில் விற்கிற மாதிரி இருந்தது. எவர்சில்வர் டப்பாவில் போட்டு, ஐஸ் கட்டிகளைச் சுற்றி வைத்து, பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில் பையை மடியிலேயே வைத்திருந்தேன். எப்படிக் கேட்பது என்று நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

தேர் நிற்கிற இடத்துக்குப் பின்னால் சந்து. மகள் சொன்ன பச்சைக் கதவைத் தட்டினேன். மாரிதான் திறந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். முன்னெல்லாம் 'ஏட்டி' என்றுதான் கூப்பிடுவேன். இப்போது என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் டப்பாவை நீட்டினேன்.

"வாங்க. யோகேசு சொன்னா" என்றாள். "உக்காருங்க."

ஒரே அறைதான், பின்னால் ஒட்டினாற்போல ஒரு சின்ன அடுக்களை. தையல் மிஷின், கட்டில், ஒரு நாற்காலி. நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டு அவள் கட்டிலில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள்.

"நீங்களா செஞ்சிய?"

"பொறகு? ஹோட்டல்ல வாங்கிட்டு வந்து ஏமாத்துறேன்னு நெனச்சியா?" வாய் முந்திவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் ஸ்பூனால் ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். இருபத்தஞ்சு வருஷம் அவள் சமைத்ததை நான் சாப்பிடும்போது, அடுக்களை வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அன்றைக்கு நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு. மாங்கா போட்டிருக்கிய."

ரெண்டாவது வாயும் எடுத்தாள். எனக்கு ஆசை தாங்காமல் டப்பாவிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். உப்பே இல்லை. கறியில் இல்லை, தயிரில் இல்லை, எதிலுமே இல்லை. சமைத்தவன் ருசி பார்க்க வேண்டும் என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

"ஐயய்யோ, உப்பே போடலியே! வச்சிரு, திங்காத. சனியன், எல்லாம் போச்சு..."

"அதுக்கு ஏன் இப்படிப் பதறுதிய?"

வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். உள்ளே போய் உப்பு டப்பாவை எடுத்து வந்தாள். ஒரு சிட்டிகை தூவினாள், கிளறினாள், ஒரு வாய் தின்று பார்த்தாள்.

"சரியாயிருச்சு" என்றாள்.

குத்திக்காட்டுகிற மாதிரி இல்லை, சும்மாதான் சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு சிட்டிகை உப்புக்கு இவ்வளவுதான் வேலை. இதற்காகவா நான் அத்தனை தட்டுகளை எறிந்தேன்? அவள் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தாள். அதைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்தது. பஸ்ஸில் சொல்லிப் பார்த்தது ஒன்றும் வாயில் வரவில்லை.

"மாரி, வீடு அப்படியேதான் இருக்கு. வந்துரு. இனிமே நான்..." அதற்கு மேல் முடியவில்லை.

அவள் என்னைப் பார்க்கவில்லை. டப்பாவின் மூடியை எடுத்தாள்.

"இருங்க, கழுவித் தாரேன்."

உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அப்புறம் ஏதோ உருட்டும் சத்தம். முடியாது என்று சொல்லவில்லையே என்று எனக்குச் சந்தோஷம் பொங்கியது. பொறுக்க மாட்டாதவன் அன்றைக்குப் பொறுமையாக உட்கார்ந்திருந்தேன். அவள் டப்பாவைத் துடைத்து மூடி, பைக்குள் வைத்து என் கையில் கொடுத்தாள்.

"வெயிலுக்கு முன்ன பஸ்ஸப் புடிங்க. சாலடு நல்லாருந்துச்சு. யோகேசுட்டச் சொல்லுதேன்."

"உடம்பத் தேத்து. அடுத்த ஞாயித்துக்கெழம வாரேன்."

"எதுக்கு அலையிதிய? நாஜியா வந்துருவா" என்று வாசல் வரை வந்து நின்றாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவள் எனக்காகக் கவலைப்பட்டுத்தான் அலைய வேண்டாம் என்றாள் என்று நினைத்துக்கொண்டேன். உடம்பு தேறியதும் வந்துவிடுவாள். அதற்குள் சுவருக்கு வெள்ளை அடிக்க வேண்டும், காலண்டரை மாற்ற வேண்டும். வேகத்தடையில் பஸ் தூக்கிப் போட்டபோது பைக்குள் டப்பா சரசரவென்றது. ஐஸ் எல்லாம் எப்போதோ கரைந்துபோயிருந்தது. என்னவென்று மூடியைத் திறந்தேன்.

ஒரு பிடி சீனி.

பளபளவென்று கழுவிய டப்பாவின் அடியில், ஓர் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. எங்கள் வீட்டில் அவள் எனக்குத் தினமும் தூக்குச்சட்டி கழுவி வைப்பாள். ஒரு நாளாவது அதில் சீனி போட்டிருப்பாளா? சொந்த வீட்டுச் சாமானில் யார் போடுவார்கள்! ஜெயபாய் கிண்ணத்துக்குத்தான் போடுவாள்.

போன் அடித்தது. யோகேஸ்வரி.

"அப்பா, அம்மா சாப்ட்டாளா?"

"சாப்ட்டா. மிச்சமே வைக்கல."

"என்னப்பா சொன்னா?"

"நல்லாருக்குன்னா. டப்பாவக் கழுவிக் குடுத்தா" என்றேன். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். என் குரல் அப்படி இருந்திருக்கும்.

போனை வைத்துவிட்டு, சீனி சிந்தாமல் மூடியை இறுக்கினேன். வெறும் டப்பாவாகவே கொடுத்திருக்கக் கூடாதா, மாரி?