ஈரங்காயாத கலயம்

கீழ்வானத்தில் கதிரவன் இன்னும் முழுதும் எழவில்லை. ஆயினும் அந்நெடுந்தெருவின் இருமருங்கும் நிரல்பட நின்ற தொழிற்கூடங்களின் புகைவாய்கள் அவனுக்கு முந்தியே விழித்துக்கொண்டு, கரும்புகையைச் சுருள்சுருளாய் உயிர்த்து, விடியலின் வெண்மையை மெல்ல மெல்ல அழுக்காக்கிக்கொண்டிருந்தன. தகரக் கூரைகளினின்று மழைநீர் சொட்ட, இரும்புத்தூள் படிந்து துருவேறிய சாலையில் உணவுக்கலம் தொங்கும் மிதிவண்டிகள் மணியொலித்து விரைய, சங்கு ஊதுமுன் உள்ளே புகவேண்டுமென்று ஆடவரும் பெண்டிரும் முண்டியடிக்க, அத்தெருவின் கோடியில், நீரிறைக்கும் பொறிகளுக்கு உடற்கூடு வார்க்கும் ஒரு வார்ப்பாலையின் வாயிலில், இரும்பை உருக்கும் கலையில் அவ்வாலையார் எவரினும் வல்லான் ஒருவன், வருவோர் பெயரைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு கதவு காத்து நின்றான்.

வல்லானுக்கு வாயிற்கதவா என்று வியக்கவேண்டா, நூல் பயின்ற நெஞ்சுடையீர். உலகம் பலகாலும் அவ்வாறுதான் அளக்கிறது. பத்தொன்பது ஆண்டுகள் அவன் படையின் பழுதுநீக்கும் பிரிவில் வார்ப்பாளனாய் இருந்தவன். போர்முனைக்குப் பின்னே கூடாரத்துள் உலையமைத்து, உடைந்த வண்டிகளின் பற்சக்கரங்களையும் பீரங்கிகளின் தாங்குகட்டைகளையும் பாலங்களின் பூட்டுகளையும், வரைபடம் இல்லாவிடத்தும் உடைந்த துண்டையே அளவாகக் கொண்டு வார்த்துத் தந்தவன். அச்சுமணலை உள்ளங்கையில் பிடித்து ஒடித்து அதன் ஈரம் இத்துணையென்பான். உருகிய இரும்பின் நிறம் நோக்கி அதன் வெம்மை இத்துணையென்பான். ஆயினும் படையினின்று விடுபட்டு வந்த நாளில் அவன் கையில் தந்த தாளிலோ, ‘பழுதுநீக்கும் பிரிவு, நன்னடத்தை’ என்னும் சொற்களன்றி வேறொன்றும் இல்லை.

அத்தாளை ஏந்தி ஏழு வார்ப்பாலைகளின் படியேறினான். “பட்டாளத்துல வார்ப்பு வேலையா? அங்க துப்பாக்கிதானே தூக்குவீங்க?” என்று சிரித்தார் ஒருவர். “படிச்ச சான்றிதழ் இருக்கா?” என்றார் மற்றொருவர். “ஒரு அச்சு செஞ்சு காட்டுறேன், பாருங்க” என்று அவன் இரந்தபோது, “இது என்ன வித்தை காட்டுற இடமா?” என்று கதவடைத்தார் வேறொருவர். இறுதியில் அவன் மனைவியின் தமையன்தான் ஒருநாள் வந்து, தங்கை தந்த நீரைப் பருகியவாறே, “மாப்ளே, உங்க மீசைக்கும் நடைக்கும் எந்த வாசல்லயும் வேலை கிடைக்கும். கையைப் பத்தி எதுக்குப் பேசிக்கிட்டு? ஆளைப் பார்த்தே கொடுப்பான்” என்றான். அவ்வாறே கொடுத்தார்கள். அன்றுமுதல் அவனுக்குப் பெயரும் மாறிற்று. பட்டாளத்தார் என்றே ஆலை முழுதும் அழைத்தது.

உருகிய இரும்பைக் கலயத்தில் ஏந்தி அச்சில் வார்க்கும் தொழிலாளி ஒருவன் மட்டும், நெடிய உருவினனாதலின் நெட்டையன் எனப்படுபவன், பட்டாளத்தாரின் உள்ளே உறங்கிய தொழிலை மோப்பம் பிடித்தவன்போல் அறிந்துகொண்டான். காற்றுக்குழி விழுந்து கழிக்கப்பட்ட வார்ப்புகளை வண்டியில் தள்ளிக்கொண்டு வாயிலைக் கடக்கும்போதெல்லாம் நின்று, “அண்ணே, இது ஏன் இப்படிப் பொத்தல் பொத்தலா வந்திருக்கு?” என்பான். பட்டாளத்தார் அக்குழியில் விரல்நுனியை நுழைத்துப் பார்த்து, மணலில் நீர் மிகுந்ததென்றோ, ஆவி போகும் துளை குறைந்ததென்றோ கூறுவார். கூறியவை மறுநாளே மெய்யாகும். “நீங்க உள்ள இருக்க வேண்டிய ஆளுண்ணே” என்று நெட்டையன் கூறும்போது, பசித்தவன் பிறர் வீட்டுத் தாளிப்பை முகர்ந்தாற்போல அவர் முகம் ஒருகணம் மலர்ந்து வாடும்.

மழை விடாது பெய்த ஒரு கிழமையில், வார்ப்புக் கலயங்களுள் ஒன்றின் உட்பூச்சு உதிர்ந்துபோக, புதுமண் பூசி வாயிலருகே காயவைத்திருந்தனர். மறுநாள் முற்பகல், பொருள் அனுப்பும் கெடு நெருங்கியதால், அதற்கு ஒரு மணிநேரம் தீக்காட்டிவிட்டுத் தூக்கிவர நெட்டையனைப் பணித்தார் மேலாளர். பட்டாளத்தார் கலயத்தின் வாயில் புறங்கையை வைத்துப் பார்த்தார். மேற்பூச்சு சுட்டது, ஆயினும் அடியினின்று நீராவி மெல்லிய மூச்சாய் எழுந்துகொண்டிருந்தது. தூக்க வந்த நெட்டையனைக் கைமறித்தார்.

“தம்பி, இதைத் தூக்காதே. உள்ளுக்குள்ள ஈரம் இருக்கு. இரும்பு ஊத்தின உடனே வெடிச்சுரும்.”

நெட்டையன் மேலாளரிடம் சென்றான். பட்டாளத்தாரும் வாயிலை விட்டுப் பின்சென்றார்.

“ஐயா, இன்னும் காயலன்னு அண்ணன் சொல்றாரு.”

“அண்ணனுக்குக் கதவைப் பார்க்கத்தான் சம்பளம்” என்றார் மேலாளர், தலை நிமிராமலே. “தூக்குறியா, வீட்டுக்குப் போறியா?”

வீட்டில் இரண்டு பெண்மக்கள் உடைய நெட்டையன் தூக்கினான்.

அடுத்து நிகழ்ந்தது இமைகொட்டும் பொழுதில் முடிந்தது. உருகிய இரும்பு கலயத்துள் விழுந்ததும், அடியிற் சிறைப்பட்ட ஈரம் ஆவியாய்ப் பொங்கி இடியென வெடிக்க, செந்தீத்துளிகள் கூரைமட்டும் சிதறின. நெட்டையனைச் சாக்கில் போர்த்தித் தூக்கிவந்தவருள் பட்டாளத்தாரும் ஒருவர். உயிர் தங்கிற்று; கண்கள் இரண்டும் தங்கவில்லை.

மூன்றாம் நாள் அரசு அலுவலர் உசாவ வருவதாகச் செய்தி வந்தது. அன்று காலை மேலாளர் பட்டாளத்தாரைத் தம் அறைக்கு அழைத்து, வேலைக்கு வந்த நாள்தொட்டு முதன்முறையாக நாற்காலி காட்டினார்.

“உட்காருங்க. உங்க கைத்திறமை எங்களுக்குத் தெரியாமப் போச்சு. அடுத்த வாரத்துல இருந்து மணல் அச்சுக்கூடத்துக்கு நீங்கதான் பொறுப்பு.” சற்றே நிறுத்தி, மேசைமேல் இல்லாத தூசியைத் தட்டினார். “அவனாத்தான் அவசரப்பட்டு எடுத்துட்டுப் போனான். யாரும் எடுக்கச் சொல்லல. நீங்க வாசல்லயே இருந்தீங்க, பார்த்தீங்க. அவ்வளவுதானே?”

பட்டாளத்தார் மழைவிட்ட முற்றத்தின் வழியே திறந்திருந்த அச்சுக்கூடத்தை நோக்கினார். ஈராண்டாய் வாயிலினின்றே கண்டு ஏங்கிய மணற்குவியல் அங்கே கருமையாய்க் கிடந்தது. எத்துணை நாள் அவர் கைகள் உறக்கத்தில் அச்சு அடித்தன என்பதை அவர் மனைவியே அறிவாள். நெட்டையனின் வெந்த முகம் நினைவில் வந்தது. அதனருகே, ‘இது என்ன வித்தை காட்டுற இடமா’ என்ற சொல்லும் வந்தது. மாலையில் அலுவலர் வினவியபோது, எழுந்து நேராக நின்று, கைகளை உடலோடு ஒட்டவைத்து, “அவரா எடுத்துட்டுப் போனாருங்க ஐயா. யாரும் சொல்லல” என்றார்.

தன் பிழையால் தானே கெட்டான் என்று ஏட்டில் ஏறவே, நெட்டையன் குடும்பத்துக்கு ஆலை செய்யவேண்டியது எதுவும் இல்லையென்று ஆயிற்று.

பட்டாளத்தாரின் மனைவியோ புதுப்பதவியைக் கேட்டுக் கண்கலங்கி, “இப்பவாவது உங்களைத் தெரிஞ்சுக்கிட்டாங்களே!” என்றாள். அச்சொல் அவருக்குச் சோற்றில் கல்லாய்ப் பட்டது.

பொறுப்பேற்பதற்கு முதல்நாள் பகலில் அவர் மருத்துவமனைக்குச் சென்றார். முகம் முழுதும் கட்டிட்டிருந்த நெட்டையன், காலடியோசை கேட்டே, “பட்டாளத்தண்ணனா?” என்றான்.

“ஆமா தம்பி.”

அவர் கட்டிலருகே வந்து நின்றார். பின்பு நெட்டையன், மருந்தின் அயர்வில் மெல்ல, சினமின்றியே சொன்னான்: “ஆபீசர் வந்து உங்க வாக்குமூலத்தைப் படிச்சுக் காட்டினாருண்ணே. கண்ணுதான் போச்சு, காது நல்லாத்தான் இருக்கு. நீங்க தூக்காதேன்னு சொன்னதும் கேட்டுச்சு. யாரும் எடுக்கச் சொல்லலன்னு சொன்னதும் கேட்டுச்சு.”

பட்டாளத்தார் கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பற்றிக்கொண்டார்.

“போங்கண்ணே. போய் வேலையைப் பாருங்க. இனிமே கலயத்தை நல்லாக் காயவெச்சு எடுக்கச் சொல்லுங்க” என்று கூறி, நெட்டையன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

சொல்லியவாறே அவர் செய்தார். அவர் பொறுப்பில் ஒரு கலயமும் ஈரத்தோடு உலையண்டை சென்றதில்லை. ஒரு வார்ப்பும் குழிவிழுந்து கழிந்ததில்லை. அவர் கைத்திறனை ஆலை முழுதும் போற்றிற்று. ஆனால் அவர் அறிவார், படை தமக்குக் கற்பித்தவை இரண்டென்று: இரும்பை வார்ப்பது ஒன்று, மேலோர் முன் நேராய் நின்று அவர் சொல்லித்தந்ததையே சொல்வது மற்றொன்று. முன்னதை ஏழு வாயில்களில் விரித்துக் காட்டியும் கொள்வார் இல்லை. பின்னதை ஒரே ஒரு மாலை விற்றார், விலைபோயிற்று. பழுதுபட்ட இரும்பை மீண்டும் உலையிலிட்டு உருக்கிப் புதிதாய் வார்த்துக்கொள்ளலாம். வாயினின்று வார்ந்து ஆறிய சொல்லை உருக்குதற்கு உலை யாண்டும் இல்லை.