திவசத்து மேற்கட்டி

சேஷன் தினமும் மூன்று வேளை மேஜையை விரலால் தொட்டுப் பார்ப்பார். சந்தியாவந்தனம் தவறினாலும் தவறும், இது தவறாது. கச்சேரியில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ரிட்டையரான மனிதர். கரமனையில், ஆற்றுக்குப் போகிற தெருவில் இருந்த அந்தப் பழைய வீட்டில் இப்போது அவர் அதிகாரம் செலுத்த மிஞ்சியவை கூடத்து மேஜை, ஒரு சாய்வு நாற்காலி, மருமகள் சூடாமணி.

"இது எந்தாக்கும்?" என்று விரலை நீட்டுவார். நுனியில் சலித்த மாவு மாதிரி மஞ்சளாக ஒட்டியிருக்கும்.

"பொடி அப்பா."

"பொடின்னு நேக்குத் தெரியாதா? ஏன் இருக்குன்னு கேட்டேன்."

காலையில் துடைத்திருப்பாள். பத்து மணிக்கு ஒரு தடவை, அடுப்பை அணைத்துவிட்டு ஒரு தடவை. அவள் துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் மேலே இருந்து மறுபடி இறங்கியிருக்கும். கூடத்துக்கு மேலே மரப்பலகை பாவிய மச்சு. அதை வண்டு குடைகிற சத்தம் மத்தியான வேளையில் கிர்ர் கிர்ர் என்று கேட்கும். குழந்தை சரோஜத்துக்குக்கூடக் கேட்டது, இரண்டரை வயசு. மாமனாருக்கு மட்டும் கேட்கவில்லை.

ஒரே ஒரு தடவை சூடாமணி சொல்லிப் பார்த்தாள். "மச்சிலேர்ந்து விழறது அப்பா. தங்கப்பன் ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டினா..."

அவ்வளவுதான். மனிதர் குதித்துவிட்டார். "எங்கப்பா மலையிலேர்ந்து ஆளை வச்சு இறக்கின தேக்காக்கும் இது! தேக்கை வண்டு தொடுமா? வாரியல் பிடிச்சுப் பெருக்க வணங்காதவ என் அப்பா கட்டின வீட்டைக் குத்தம் சொல்ல வந்துட்டா!"

புருஷன் நாகேஸ்வரன் அப்போது பக்கத்தில்தான் இருந்தான். அவனும் அப்பாவைப் போலக் கச்சேரி குமாஸ்தா. அப்பா பேசும்போது வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதில் அவனுக்கு அபாரமான கவனம் வந்துவிடும்.

தை பிறந்ததும் கல்லிடைக்குறிச்சியிலிருந்து கடிதம் வந்தது. தங்கை விஜயத்துக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பிரசவத்துக்குப் போய்த் திரும்பியதிலிருந்து சூடாமணி பிறந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. விஜயம் கடைசியில் தன் கையால் இரண்டு வரி எழுதியிருந்தாள்: "அக்கா, நீதான் எனக்குத் தலை பின்னணும். வேறே யாரையும் தொட விடமாட்டேன்." சூடாமணி அதை அடுக்களையில் வைத்து நாலு தடவை படித்தாள். இதற்காவது போயே ஆக வேண்டும்.

சேஷன் கடிதத்தை மடித்து மேஜையில் வைத்தார். எடுத்தபோது மடிப்பில் பொடி. "முதல்லே இந்த ஆத்தைச் சுத்தமா வை. பொடி இல்லாம பத்து நாள் காட்டு. அப்பறம் கல்யாணத்தைப் பத்திப் பேசலாம்."

நடக்காத காரியம் என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் துடைத்தாள், கை காய்த்தது.

அந்த வாரம் மாமியார் திவசம் வந்தது. அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. திவசத்தன்று பிராமணர்கள் சாப்பிடும்போது இலையில் எதுவும் விழக்கூடாதென்று நாலு வேஷ்டியைச் சேர்த்துத் தைத்த மேற்கட்டியைக் கூடம் முழுவதும் மச்சுக்கடியில் கட்டுவார்கள். தெருவில் வேறு எந்த வீட்டிலும் கிடையாது. மேலே இருந்து எதுவுமே விழாது என்று சாதிக்கிற வீட்டில் இது எதற்கு என்று எவரும் கேட்டதில்லை.

திவசம் முடிந்த சாயங்காலமே அதை அவிழ்த்துவிட வேண்டும். சூடாமணிதான் அவிழ்ப்பாள். ஆனால் அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு விலக்காகிவிட்டாள். மூன்று நாள் கொல்லை அறையில் இருந்தாள். எதிராத்து மங்கலம் மாமி வந்து சமைத்துப் போட்டுவிட்டுப் போனாள். மேஜையை அவள் எங்கே துடைக்கப் போகிறாள்? கொல்லை அறையில் உட்கார்ந்தபடி சூடாமணி மாமனாரின் கூப்பாட்டுக்குக் காத்திருந்தாள். கூப்பாடே வரவில்லை.

நாலாம் நாள் குளித்துவிட்டுக் கூடத்துக்கு வந்து மேஜையைத் தொட்டுப் பார்த்தாள். விரல் சுத்தமாக இருந்தது. அண்ணாந்து பார்த்தாள். மேற்கட்டி நடுவில் லேசாகத் தொய்ந்திருந்தது.

அவள் அதை அவிழ்க்கவில்லை. சேஷன் ஒரு நாள் கேட்டார். "அமாவாசை கழியட்டும்னு விட்டிருக்கேன் அப்பா" என்றாள். அவர் மண்டையை ஆட்டினார். அண்ணாந்து பார்த்து யோசிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம், பேப்பர் படிக்க வருகிற பழைய வாத்தியார் அனந்தநாராயணன் வந்திருந்தார். நாகேஸ்வரன் கச்சேரியிலிருந்து வந்து கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். சேஷன் குஷியாக மேஜையைத் தடவிக் காட்டினார்.

"பார்த்தேளா ஓய், ஒரு துளி பொடி இல்லை. கல்யாணமாகி ஆறு வருஷம் கழிச்சு என் மருமகளுக்குப் பெருக்கத் தெரிஞ்சிருக்கு. அம்மைக்காரி சொல்லிக் குடுக்காததை நானாக்கும் சொல்லிக் குடுக்க வேண்டியிருந்தது. நாகு, நாளைக்கு செங்கோட்டை வண்டியிலே இவளை அனுப்பு. போய்த் தங்கைக்காவது சொல்லிக் குடுக்கட்டும்."

இத்தனை நாளும் அவளுக்கு வேண்டியிருந்ததே அந்த ஒரு வார்த்தைதான். அனுப்பு என்று சொல்லியாகிவிட்டது. கொண்டுவந்த காப்பி டம்ளரை வைத்துவிட்டுச் சூடாமணி உள்ளே போயிருந்தால் மறுநாள் ரயிலில் இருந்திருப்பாள். ஆனால் அம்மாவைச் சொன்னது பொறுக்கவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு வாசல் தெளிக்கிற அம்மா. சூடாமணி முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, இரண்டு முடிச்சை அவிழ்த்தாள். மற்ற இரண்டையும் பிடித்து இழுத்தாள்.

மேஜைமேல் அரைப்படிப் பொடி கொட்டியது.

"இது பன்னெண்டு நாள் பொடி, அப்பா. உங்க தேக்கிலேர்ந்து விழுந்தது. எங்கம்மா என்ன பண்ணுவா?"

அனந்தநாராயணன் ஒரு சிட்டிகை எடுத்துக் கசக்கி, கூடவே விழுந்த சிராயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தேக்கு இல்லையே ஓய்! இது மாம்பலகையாக்கும். உம்ம தோப்பனாரை எவனோ நன்னா ஏமாத்திட்டான்!" என்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் காரியத்தைக் கெடுத்தது. சேஷன் முகம் சுண்டிவிட்டது. பொடியைப் பார்த்தார், மச்சைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது சூடாமணிக்குத் தெரிந்தது. பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"திவசத்துக்குக் கட்டின துணியைப் பன்னெண்டு நாள் அழுக்கோடே என் தலைக்கு மேலே தொங்க விட்டிருக்கா. பித்ரு காரியத்திலே விளையாடினவ எங்கேயும் போகண்டாம். வண்டியும் வேண்டாம், கிண்டியும் வேண்டாம்."

அடுக்களையில் நாகேஸ்வரனைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்னா, நீங்களும்தானே பார்த்தேள்? அது மரத்தூள்தானே?"

"மரத்தூள்தான்."

"அதை அங்கே சொல்லப்படாதா?"

"சொன்னா அப்பா மனசு நோகும்." அவன் செம்பிலிருந்து தண்ணீர் குடித்தான். "நீ அந்தத் துணியைத் தொடாம இருந்திருந்தா, நாளைக்கு வண்டி ஏறியிருப்பே."

உண்மைதான்.

கல்யாணத்தன்று முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. ஒன்பதரைக்குச் சூடாமணி கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். விஜயத்துக்கு இப்போது யாரோ தலை பின்னி முடித்திருப்பார்கள். சாய்வு நாற்காலியில் சேஷன் கண்ணயர்ந்திருந்தார். பக்கத்தில் பாயில் சரோஜம் சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்தது.

மேலே சடக்கென்று ஒரு சத்தம். சாண் நீளச் சிராய் ஒன்று நாற்காலிக்கு அருகே விழுந்தது. சூடாமணி அண்ணாந்தாள். உத்தரத்தில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு, நேராக நாற்காலிக்கு மேலே.

சேஷன் கண்ணைத் திறக்காமலே முனகினார். "என்ன விழுந்தது? பெருக்கித் தள்ளு."

அவள் பெருக்கித் தள்ளினாள். குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். பாயையும் சொப்புகளையும் எடுத்துக்கொண்டு போய் அடுக்களையில் விரித்தாள். நிலைப்படியில் ஒரு நிமிஷம் நின்றாள். நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கோங்கோ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சூடாமணி சொல்லவில்லை.