உப்புக் காற்று தொண்டைக்கு ஆகாது

தனராஜுக்கு நல்ல குரல் என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பியவரும் தனராஜ்தான், இன்றுவரை அதை விடாமல் பேசிவருபவரும் அவர்தான். நாசரேத் ஊர்த் தேவாலயத்தில் ஒரு கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனையில் தனியாக நின்று பாடினாராம். மாப்பிள்ளை பார்ப்பதற்கென்று அம்மாவோடு வந்து பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த ஷெர்லி, அந்தப் பாட்டில் மயங்கித்தான் இவரைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாளாம். முப்பது வருஷமாக இந்தக் கதையைக் கேட்காமல் அந்த வீட்டில் யாரும் ஒரு வாய் காபி குடித்ததில்லை.

கதைக்கு அத்தாட்சியும் இருந்தது. மாமியார் ஞானசௌந்தரி அன்றைக்கு டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துப் பதிவு செய்து, அந்த கேசட்டைக் கல்யாணப் பரிசாகக் கொடுத்திருந்தாள்.

ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு தனராஜ் பாடியதில்லை. தூத்துக்குடியில் துறைமுக ஆபீஸ் வேலை, உப்பளத்துப் பக்கம் வீடு. குடிவந்த வாரமே ஷெர்லி சொல்லிவிட்டாள். "ஏங்க, இந்த உப்புக் காத்து தொண்டைக்கு ஆவாது. கர்த்தர் குடுத்த கொரலு, பாடிப் பாடிக் கெடுத்துராதீய." ஜெபக்கூட்டத்தில் யாராவது பாடக் கூப்பிட்டால், இவர் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொள்வாள். "இவியளுக்கு உப்புக் காத்துல தொண்ட கட்டிருக்கு." வீட்டில் கேசட்டைப் போட்டாலும் பக்கத்திலேயே நிற்பாள். பாட்டு முடிந்த அந்த நொடியே நிறுத்திவிடுவாள். "போதும், டேப்பு தேஞ்சிரும்." இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்ப்பாள் என்று தனராஜ் உருகிப்போவார்.

இப்போது மகள் அனுஜாவுக்கு நாசரேத்தில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அப்பா அங்கே கோயில் பாடகர் குழுவை நடத்தும் கொயர் மாஸ்டர். "ஒங்க பாட்டப் பத்திக் கேள்விப்பட்டேன் சம்பந்தி. மண்டபத்துல போட்டுக் கேப்போம், கொண்டாங்க" என்று அவர் போனில் சொன்னதிலிருந்து தனராஜுக்குத் தலைகால் புரியவில்லை. கேசட்டைப் பென் டிரைவில் ஏற்றி ஷெர்லியையும் திகைக்க வைக்க வேண்டும். அவள் தையற்கடைக்குப் போன நேரமாகப் பார்த்து, டேப் ரெக்கார்டரையும் லேப்டாப்பையும் ஒயரால் இணைத்து உட்கார்ந்தார்.

திரையில் ஒரு பட்டை. சத்தம் ஏற ஏறப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நீளும். கேசட் காலத்தில் மீட்டர் முள் கொஞ்சம் சிவப்பைத் தொட்டால்தான் பாட்டு கணீரென்று விழும். அந்தப் பழக்கத்தில் லெவலைத் தூக்கி வைத்தார். கம்ப்யூட்டர் அந்தத் தயவெல்லாம் காட்டாது. மேல் சுருதிக்குப் போனதும் குரல் பழைய துணி மாதிரிக் கிழிந்தது. பதறிப்போய் ஒரேயடியாகக் குறைத்தார். பாட்டு டேப்பின் இரைச்சலுக்குள் அமுங்கிப் போனது. இருப்பதிலேயே சத்தமான இடத்தை மஞ்சளில் நிறுத்த வேண்டும், அதுதான் சூத்திரம் என்று பிறகு விளங்கியது. சத்தமான இடம் எது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. தன்னுடைய மேல் சுருதியை மஞ்சளில் நிறுத்தினார். இந்த முறை பாட்டு அப்பழுக்கில்லாமல் வந்தது. நிறுத்த ஷெர்லி பக்கத்தில் இல்லாததால் டேப் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, தனராஜ் தண்ணீர் குடிக்கப் போனார்.

திரும்பி வந்தால் பட்டையின் நுனியில் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. தன் குரலைவிடச் சத்தமாக அந்தக் கோயிலில் என்ன இருந்தது? ரோஷத்தோடு பின்னால் ஓட்டிக் கேட்டார்.

அன்றைக்கு மாமியார் மடியில் வைத்திருந்த டேப் ரெக்கார்டர் தானே லெவல் பார்த்துக்கொள்ளும் ரகம். சத்தம் வந்தால் அடக்கும், ஓய்ந்தால் ஏற்றும். பாட்டு முடிந்து கோயில் அமைதியானதும், அது மடிக்குப் பக்கத்தில் நடந்த கிசுகிசுப்பை வாரி எடுத்து வைத்திருந்தது.

"ஏளா, மாப்பிள்ள பிடிச்சிருக்கா?" இது மாமியார்.

"ஆளு நல்லாத்தான் இருக்காவ. இந்தப் பாட்டுதாம்மா... கல்யாணத்துக்குப் பொறவு நிப்பாட்டிக்கிடலாம்." இது ஷெர்லி.

தனராஜ் நொறுங்கிப்போனார். நிப்பாட்டிக்கிடலாம். எத்தனை தடவை ஓட்டினாலும் அந்தச் சொல்தான் காதில் அறைந்தது. உப்புக் காற்று, தேய்ந்துபோகும் டேப்பு, எல்லாம் ஒவ்வொன்றாக விளங்கியது. அடிப்பாவி, முப்பது வருஷ நாடகமா? கோபமாக வந்தது. ஆனால் அந்த முப்பது வருஷத்தில் ஒரு நாளாவது உன் பாட்டு சகிக்கவில்லை என்று அவள் சொன்னாளா? அவர் மனம் நோகாமல் அவர் வாயை மூட எத்தனை பாடு பட்டிருக்கிறாள்! திட்டுவதா கும்பிடுவதா என்று தெரியவில்லை. வலித்தது மட்டும் நிஜம்.

நிச்சயதார்த்தத்தில் மோதிரம் மாற்றி முடிந்ததும் சம்பந்தி மைக்கைப் பிடித்தார். "பென் டிரைவைக் கொண்டாங்க சம்பந்தி, எல்லாரும் கேக்கட்டும்."

"லெவல் சரியா விழல சம்பந்தி" என்றார் தனராஜ். பென் டிரைவ் சட்டைப் பையில்தான் கிடந்தது.

"அதனால என்ன? அதான் ஆளே இருக்கீயளே, பாடுங்க!"

ஷெர்லி விருட்டென்று எழுந்தாள். "இவியளுக்கு உப்புக் காத்துல..."

"தங்கச்சி, இது நாசரேத்து. தேரி மணலும் பனையுந்தான் கெடக்கு. இங்கன ஏது உப்புக் காத்து?" என்றார் சம்பந்தி.

மண்டபமே சிரித்தது. மைக் தனராஜின் கைக்கு வந்துவிட்டது. அவர் நினைத்திருந்தால் அத்தனை சரணத்தையும் பாடி, வட்டியும் முதலுமாகத் தீர்த்திருக்கலாம். மனைவியின் முகத்தைப் பார்த்தார். சொன்ன பொய் சபையில் பிடிபட்டு, வியர்த்து, பாவமாக நின்றாள். தனராஜ் தொண்டையைப் பிடித்துக்கொண்டு இரண்டு இருமல் இருமினார்.

"முப்பது வருஷத்து உப்புல்லா சம்பந்தி? லேசுல போவுமா?"

என்ன தன்னடக்கம் என்று கூட்டம் மெச்சியது. அவர் வந்து ஷெர்லியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "நிப்பாட்டியாச்சு. சந்தோஷமா?"

ஷெர்லி திடுக்கிட்டுத் திரும்பினாள். முகம் சிவந்தது. மடியில் கிடந்த கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டே, அவரைப் பார்க்காமலே கேட்டாள்.

"அதுக்கு முந்தி ஒண்ணு சொன்னேன்லா, அது கேக்கலியா?"